மாற்று இருக்கை

அன்புள்ள தங்கச்சிக்கு,

எனக்காக நீ விமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டாயே, அதற்கு நேற்று பதில் வந்தது. மூன்று மாதத்தில் ஒரே படிவத்தை நான்கு முறை நிரப்ப வைத்தார்கள். பயணத்தின் காரணம் கேட்ட இடத்தில் சுற்றுலா, வேலை, மற்றவை என்று மூன்றே கட்டங்கள். சாகக் கிடந்த அம்மாவை ‘மற்றவை’யில் போட்டோம். போனில் பேசிய பெண், “டெத் சர்டிபிகேட் அனுப்பினா சீக்கிரம் முடிச்சிடலாம் சார்” என்று குழைந்தாள்.

பணம் தர மாட்டார்களாம். “விடாதண்ணா, இவனுங்களாலதானே நீ அம்மா முகத்தைப் பார்க்க முடியாம போச்சு” என்று நீ மறுபடி கிளம்புவாய். வேண்டாம்.

காரணம் எழுதிய அந்தப் பதிலின் நகல் உனக்கும் வரும். அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். விமானம் ரத்தானதும், அன்று மாலையே வேறொன்றில் இடம் கொடுத்தார்கள். நடு சீட், இரண்டு இடத்தில் மாற வேண்டும். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, உன்னிடம் இடமே இல்லை என்றேன். அதில் ஏறியிருந்தால் மறுநாள் காலை ஏழு மணிக்கு அங்கே வந்து சேர்ந்திருப்பேன். அம்மா பகல் பன்னிரண்டு வரை இருந்தாள்.

அவர்கள் கொடுத்த ஹோட்டல் அறையில் வெந்நீரில் குளித்தேன், வயிறு நிறையச் சாப்பிட்டேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, போனை அம்மாவின் காதில் வைத்தாய். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான், “வந்துட்டிருக்கேம்மா” என்றேன்.

உன் அண்ணன்