கை நின்றது, மதினி

கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதைகளை என் அடுப்படிவரை கொண்டுவந்த மதினிக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. இன்று உங்களுக்குச் சொல்ல நல்ல செய்தி இருக்கிறது. ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன். பாதியில் ஆரம்பித்தால் உங்களுக்குப் பிடிக்காது.

அண்ணனுக்கு வேலை என்று ஹவாய்த் தீவுக்குப் போனீர்கள். அந்த ஊர்க்காரர்களின் பாஷையைப் படித்து, அவர்கள் பிள்ளைகளுக்கே அதைப் பாடம் சொல்லுமளவுக்கு வந்தீர்கள். அண்ணன் காலமான பிறகு, அந்தப் பாஷையில் வந்த பழைய செய்தித்தாள்களின் நகல்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து ராஜபாளையத்தில் எங்கள் மாடியில் குடியேறினீர்கள். எதிர்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "ஹவாய்ச் செருப்புக் கடையா வைக்கப் போறாக?" என்று கேட்டாள். பெட்டியைத் திறந்தால் அம்புட்டும் காகிதம்!

சேப்பங்கிழங்கை அவித்து, பசைபோல இடித்து, அந்த ஊர்ச் சாப்பாடு என்று தந்தீர்களே, ருசியாக இருக்கிறது என்றேன். அது மனதாரச் சொன்னதில்லை. பெருமாளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடம் இப்போது கேட்கிறேன்.

அந்தத் தாள்களில் வந்த கதைகளைத் தமிழாக்கி, தினமும் காலையில் ஒரு பக்கத்தோடு கீழே வருவீர்கள். நான் பூக் கட்டிக்கொண்டோ, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ இருப்பேன்.

"ஏட்டி செண்பகம், செத்த நேரம் இதைக் கேளு."

"எட்டாவதோட நின்னவ மதினி நான். எனக்கு என்ன தெரியும்?"

"நீ என் நாத்தனார்ல்லா? குத்தம் கண்டுபிடிக்க உன்னைய விட்டா ஆளேது?"

நான் ஒரு குற்றமும் சொன்னதில்லை. வாசித்து முடித்ததும் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டு மாடியேறிவிடுவீர்கள். சில பக்கங்கள் மறுநாள் வேறு மாதிரி திரும்பி வரும். என்ன குறித்தீர்கள் என்பதை, நீங்கள் போன பிறகு பக்கங்களை அடுக்கும்போதுதான் பார்த்தேன். சிலவற்றில் "கை நின்றது". சிலவற்றில் "கை நிற்கவில்லை". இத்தனை வருடமும் என் கையையா பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மதினி?

கடைசிக் கதையின் ஓரம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவசரமாகப் படியெடுத்தது அது. "அப்படியே அனுப்பிருங்கம்மா, அச்சுக்கு நேரமாச்சு" என்று பதிப்பாளர் போன்மேல் போன் செய்தார். எனக்கு மனசு வரவில்லை. உங்கள் பெயரில் வருகிற புத்தகத்தில் ஒரு கையும் பார்க்காத பக்கம் இருக்கலாமா?

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குப் போகும்போது அந்தப் பக்கங்களையும் எடுத்துப்போனேன். நான் எப்போதும் பூ வாங்கும் மாரியம்மாள் மாலை கட்டிக்கொண்டிருந்தாள். "நீ பாட்டுக்குக் கட்டு, நான் ஒரு கதை வாசிக்கேன்" என்றேன்.

"வாசிங்கக்கா. காது சும்மாதான கெடக்கு."

கடலுக்குப் போன மகனுக்காகத் தினமும் கரையில் உட்கார்ந்து மாலை தொடுக்கிற தாயின் கதை அது. கடைசியில் ஓடம் வருகிறது. மகன் மணலில் கால் வைக்கிறான். தாய் தொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவன் அவளைக் கட்டிக்கொள்கிறான்.

மாரியம்மாள் கை நிற்கவே இல்லை. "மகன் வந்து நிக்கான், இவ இன்னும் மாலை கட்டிட்டா இருக்கா? எந்த ஊர்த் தாய் இவ, அக்கா?" என்று சிரித்தாள்.

இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இருப்பதை விடக் கூடாது என்பீர்கள். அதனால் வீட்டுக்கு வந்து உங்கள் நோட்டை எடுத்தேன். இடப்பக்கம் அவர்கள் பாஷையில் வரி, வலப்பக்கம் அதற்கு நேர் அர்த்தம். வீட்டுக் கணக்கை இரண்டு தடவை ஒத்துப்பார்க்காமல் மூடமாட்டேன் என்று கேலி செய்வீர்களே, அதே மாதிரி வரிவரியாக ஒத்துப்பார்த்தேன். நோட்டில் இருந்த ஒரு வரி படியில் இல்லை. "பாதி மாலை மடியிலிருந்து விழுந்தது, அதை மிதித்துக்கொண்டு ஓடினாள்."

அவசரத்தில் விட்டுப்போனதா? மாலையை மிதிப்பதைக் கேட்டால் நான் சங்கடப்படுவேன் என்று விட்டீர்களா? எனக்கும் ஒரு நாள் பூராவும் பேனா ஓடவில்லைதான். பிறகு நாச்சியாரை நினைத்துக்கொண்டேன். சாமிக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்தவளுக்கு இது புரியாதா? வரியை அதனிடத்தில் எழுதிவிட்டேன்.

இன்று மறுபடியும் மாரியம்மாள் கடை. அந்த வரி வந்தது. நார் விரலில் அப்படியே நிற்க, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு முழம் மல்லி குடும்மா, பஸ்ஸு போயிரும்" என்று ஒருத்தர் அவசரப்படுத்தினார்.

"செத்த இருங்கண்ணாச்சி, அவ ஓடிட்டிருக்கா!"

நான் சிரித்தேனா, அழுதேனா, தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்து, ஓரத்தில் என் கோணல் எழுத்தில் குறித்தேன்: கை நின்றது. நாளை தபாலில் போகிறது.

உங்கள் நோட்டில் வரிவரியாக அர்த்தம் எழுதி, நீங்கள் கதையாக்காமல் விட்டவை இன்னும் மூன்று இருக்கின்றன. எனக்குத் தெரிந்த தமிழில் அவற்றை எழுதுவேன். ஒரு வரி கூடாது, ஒரு வரி குறையாது. வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மாள் கைக்கு வாசித்துக் காட்டுவேன். அது நிற்கும்வரை திரும்ப எழுதுவேன். இது சத்தியம்.

ஒரு வழியாகக் குற்றம் கண்டுபிடித்துவிட்ட
உங்கள் நாத்தனார்,
செண்பகம்