முட்டிவலி மாத்திரை

செவ்வாய், ராத்திரி.

தங்கச்சி ஜெசியை இன்னைக்கு ஏழாம் மாச செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?"ன்னு நர்ஸ் கேட்டாங்க. இல்லைன்னுட்டா. என் பக்கம் திரும்பவே இல்லை.

இடுப்பு வலிக்குதுன்னவளுக்கு, என் வீட்டுக்காரரோட முட்டிவலி மாத்திரையை எடுத்துக் குடுத்ததே நான்தான். ஒரே கம்பெனியில இவர் பெர்மனென்ட், அவ வீட்டுக்காரர் கான்ட்ராக்ட்; கம்பெனி ஆஸ்பத்திரி எங்களுக்கு மட்டும்தான். கம்பெனி ஆஸ்பத்திரி மாத்திரைன்னா நல்லதாத்தான் இருக்கும்னு ரெண்டு பேருமே நினைச்சோம்.

நர்ஸ்கிட்ட நானே சொல்லிட்டேன். மாத்திரை அட்டையை வாங்கிப் பாத்தாங்க. "இது இந்த மாசத்துல குழந்தைக்கு ஆகாதுங்க. இன்னையோட நிறுத்திடுங்க. டாக்டர்கிட்ட சொல்லி ஸ்கேன் பாத்துடலாம்"னாங்க.

ஸ்கேன்ல குழந்தை நல்லா இருக்கு. அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு.

எங்க ஊரு வடக்குத்துல பஸ்ஸைவிட்டு இறங்கும்போது ஜெசி கேட்டா: "ஏன்க்கா சொன்ன? இனிமே நீ எனக்கு எதுவுமே தரமாட்டல்ல."