கடைசி சேம்பரின் மேல் பிள்ளையார்

22.6.2009, திங்கள்

கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை. முதுநகரில் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்குவதற்குள் சட்டை நனைந்து காய்ந்தாயிற்று. லேடீஸ் ஹாஸ்டல் கட்டி முடித்தாகிவிட்டது. இனி ஒப்படைப்பு ஃபைல். கட்டியதே தேவலை.

பாக்கி: கட்டியது கட்டியபடி டிராயிங். மோட்டார் வாரண்டி கார்டு, கடைக்காரர் சீல் இல்லாமல். தண்ணீர்த் தொட்டி கசிவு ரிப்போர்ட். போட்டோக்கள், எல்லாவற்றிலும் நடுவில் கலியபெருமாள் மேஸ்திரி, சட்டையில்லாமல். சாவிகள்.

சாவிக்குச் சீட்டு ஒட்டச் சொல்லியிருந்தேன். மேஸ்திரி ஒட்டியது: "ரூம்". அடுத்தது: "பக்கத்து ரூம்". அதற்கடுத்தது: "அதுக்கும் பக்கத்து ரூம்". தலையில் அடித்துக்கொண்டேன்.

வெள்ளி காலை புவனகிரியில் எனக்கு நிச்சயதார்த்தம். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது, இரண்டும் இந்த சைட்டால். செல்வியின் அப்பா போனில்: "இன்ஜினீரே, இந்தவாட்டியும் வரலன்னா பொண்ணு இல்லன்னு வெச்சிக்குங்க." விட்டால் ஆடி வந்துவிடும். செல்வியை விட மனசில்லை.

23.6, செவ்வாய்

ஹாஸ்டலைக் கட்டச் சொன்ன டிரஸ்ட்டின் இன்ஜினியர் ஸ்டீபன் சார் வந்தார். டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கழிவுநீர்க் குழாய்கள் சேரும் சேம்பர்களை, அதாவது தரைக்குள் கட்டிய மூடித் தொட்டிகளை, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே காம்பவுண்டு வரை வந்துவிட்டார்.

"கடைசி சேம்பர் எங்கப்பா?"

டிராயிங்படி டேப் பிடித்து அளந்தோம். டேப் நேராகப் போய் நின்ற இடத்தில் பிள்ளையார். பூ, விளக்கு, சுண்டல் வைத்த இலை.

மேஸ்திரிக்குத் துளி பதற்றம் இல்லை. "மட்டமா, கெட்டியா ஒரு சிலாப் கெடந்துச்சி சார். சாமிய மண்ணுலயா வெக்கிறது? சிமெண்டு போட்டு நல்லா உக்கார வெச்சிருக்கேன். ஆடாது."

ஆடாது என்பதுதான் இப்போது பிரச்சினை.

"நான் கை வெச்சா பேச்சாயிடும்பா," என்றார் ஸ்டீபன் சார். "நீங்களே எடுங்க. வெள்ளிக்கிழமை மூடியத் தொறந்து காட்டு, கையெழுத்துப் போடறேன். இல்லன்னா நான் ஊருக்குப் போயிட்டு அடுத்த மாசந்தான்."

24.6, புதன்

டீ, இரண்டு வடை. பிள்ளையாரை எடுக்க நேரம் கேட்டுக் குருக்களைப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமை ஒம்பதுக்கு மேல, பத்தரைக்குள்ள எடுத்துடணும். அப்புறம் ராகு காலம்."

நிச்சயதார்த்தத்துக்குக் குறித்திருப்பதும் அதே நேரம். வேறு நேரம் இல்லையா சாமி என்றேன். பஞ்சாங்கத்தை என் பக்கம் திருப்பி, நீயே பாரு என்றார்.

கான்ட்ராக்டர் முதலாளி போனில்: "கையெழுத்து இல்லாம சைட்ட விட்டு நவுந்தே, வேலைக்கே வராத."

25.6, வியாழன்

நான்கு பக்கமும் இழுத்தால் மனுஷன் என்ன செய்வான்? செல்விக்குப் போன். எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள், பாவி.

"சேம்பர் மேலயா புள்ளையாரு?"

"ஆமா."

"நீங்க அங்கயே இருங்க. நான் பாத்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்வாள்? சாவிச் சீட்டெல்லாம் மாற்றி எழுதினேன். அதே யோசனையில் சமையலறைச் சாவிக்கு பாத்ரூம் என்று ஒட்டிப் பிறகு கிழித்தேன்.

26.6, வெள்ளி

ஒன்பதரை. குருக்கள் தயார், ஸ்டீபன் சார் தயார். மேஸ்திரி சுற்றிலும் சிமெண்டைப் பெயர்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். "வெச்ச கையாலயே எடுக்க மாட்டேன் சார்."

"குடும்பஸ்தரா ஒருத்தர் தூக்கட்டும்," என்றார் குருக்கள். என்னைப் பார்த்து, "நீங்க ஆகாது."

அப்போதுதான் வாசலில் வேன். செல்வியின் அப்பா பட்டு வேட்டியோடு குதித்தார். பின்னாலேயே அவர்கள் வீட்டு ஆட்கள், விடியற்காலையே புவனகிரி போயிருந்த என் அம்மா அப்பா, தாம்பூலத் தட்டு, பட்டுப்புடவையில் செல்வி.

"எங்கய்யா அந்தப் புள்ளையாரு? பொய்யா இருந்தா இங்கயே..." என்று வந்தவர், பிள்ளையாரைப் பார்த்ததும் காதைப் பிடித்துக்கொண்டு மூன்று தோப்புக்கரணம் போட்டார். குருக்கள் விடுவாரா? "நீங்க குடும்பஸ்தர்தானே? தூக்குங்கோ."

தூக்கினார். வேட்டி முழுக்க விளக்கெண்ணெய். வேப்பமரத்தடியில் கட்டிவைத்திருந்த புது மேடையில் சாமி உட்கார்ந்தார். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூடியைத் திறந்தோம். மாடியில் ஒருவர் பிளஷ் இழுக்க, சேம்பரில் தண்ணீர் ஜோராக வந்து வெளிக்குழாயில் ஓடியது. முதலில் கை தட்டியது செல்வியின் அப்பா.

பத்தேகால். புவனகிரி திரும்ப நேரமில்லை.

"டைனிங் ஹாலு காலியாத்தானே கெடக்குது?" என்றாள் செல்வி, யாரையும் பார்க்காமல்.

ஓடினோம். பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து தட்டு மாற்றினார்கள். பிள்ளை வீட்டுப் பக்கம் ஆள் குறைச்சல் என்று ஸ்டீபன் சாரையும் உட்கார வைத்தார் என் அப்பா. குனிந்தபோது யாரோ சந்தனக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார்கள். ராகு காலத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஸ்டீபன் சார் லட்டைத் தின்றுகொண்டே ஃபைலைத் திறந்தார். குறைகள் என்ற இடத்தில் எழுதினார்: டைனிங் ஹால் தரையில் சந்தனக் கறை, துடைத்துத் தரவும். கீழே கையெழுத்து.

செல்வி எட்டிப் படித்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாளி எங்க இருக்குது?" என்றாள். இருவரும் மண்டி போட்டுத் துடைத்தோம்.

அவள் அப்பா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மூலையில இன்னும் மஞ்சளா இருக்குது பாருங்க, மாப்ள."