தண்டின் முன்முனையில் ஒழிந்து கிடக்கும் இடம்

திருவும் மழையும் நிலைபெறுக. வெண்கோட்டு வேந்தர் பெருமானின் குடைநிழலில் நின்று அவர் ஆணையைச் செலுத்தும் தலையமைச்சர் இடும்பனார், கருங்குவட்டு நாட்டை ஆளும் வேள் நல்லிறையருக்கு விடுக்கும் ஓலை. உம் ஏரிகள் கரை தளும்புக. உம் ஆநிரை பெருகுக. உம் மதிலில் பகைவரின் நிழலும் விழாதொழிக. முறைப்படி சொல்ல வேண்டிய வாழ்த்தைச் சொல்லியாயிற்று. வாழ்த்தும்போது அமைச்சருக்கு வாய் கசந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுமாறு எழுத்தனுக்குக் கட்டளை.

நீர் எழுப்பும் வெற்றிவாயிலுக்கான மேற்கல்லைத் தண்டில் கட்டி மலைச்சரிவில் சுமந்து வந்த சுமையாட்கள், முன்முனையில் நின்றவன் கால் முறிந்து விழுந்தபின், அவனுக்கு ஈடாக ஓர் ஆளைத் தரும்படி உம்மிடம் விண்ணப்பித்தார்கள். கூலியை உயர்த்தச் சொல்லவில்லை. கஞ்சியில் இன்னும் ஓர் அகப்பை கேட்கவில்லை. ஒரு தோள் கேட்டார்கள். அதற்கு நீர் ஆள் அனுப்பவில்லை; ‘பொறுங்கள்’ என்று ஓலை அனுப்பினீர். பொறுத்தல் குடிகளுக்கு அணிகலன் என்றும், நிலமகள் எல்லாவற்றையும் பொறுப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றும் உம் அவைப் புலவரின் உபதேசம் வேறு.

அந்த ஓலையைப் படிக்கக் கேட்ட ஆட்கள், தண்டைச் சுமைதாங்கிக் கற்களின்மேல் ஏற்றிவைத்துவிட்டு, முன்முனையில் ஒரு தோளுக்கு இடம் ஒழித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த இடம் உமக்கு. நீரோ அதைக் கேலி என்று கொண்டீர். பிறகு கலகம் என்று கொண்டீர். அவர்களின் தலைவன் செங்கானைச் சிறையிலிட்டு, அவன் வலத்தோளில் சூட்டுக்கோல் இழுக்க நாளும் குறித்தீர். வெந்த தோளில் பிறகு தண்டு ஏறாது. தண்டு ஏறாதவன் வீட்டில் உலை ஏறாது. தெரியாமலா குறித்தீர்?

அவன் மனைவி நாச்சாள் மலையிறங்கி அமைச்சரின் வாயிலுக்கு வந்தாள். அழவில்லை. அவள் சொன்னது மெருகு போடாமல் எழுதப்படுகிறது: “பொறுன்னு சொன்னவரு வந்துருவாருன்னுதானய்யா எடம் விட்டுக் காத்துக் கெடந்தாங்க. வேளு தோளாச்சே, பின்னால நின்னா சேறு தெறிக்குமேன்னு மரியாதையா முன்முனைய விட்டு வச்சாங்க. அதுக்கா சூடு?” வாயிற்காவலன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அவனையும் அவள் விடவில்லை: “நீ என்னத்தடா இளிக்கிற? அந்த ஈட்டியத் தவிர எதையாச்சும் தூக்கியிருக்கியா?”

அமைச்சர் சிரிக்கவில்லை. அவர் சுமையாள் குடியில் பிறந்து, மீசை அரும்புமுன்னே தண்டுக்குத் தோள் கொடுத்தவர். அவர் பிடரியடியில் இன்றும் கிடக்கும் காய்ப்பை உம் அவையோர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வதையும் அவர் அறிவார். ஆகவே நீர் எடுத்து வீசிய சொல் எங்கே பிறந்தது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளும்.

பொறை என்றால் பாரம். பொறுத்தல் என்றால் அந்தப் பாரத்தின் அடியில் நிற்றல். சரிவில் ஒருவனுக்குக் கால் வழுக்கினால் ‘பொறு’ என்று கத்துவான்; கேட்ட தோழர் முழங்காலை இறுக்கி, மூச்சைப் பிடித்து, அவன் பங்குக் கனத்தையும் தம் தோளில் வாங்கிக்கொள்வர்; அவன் கால் ஊன்றியதும் தன் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்வான். தண்டுக்கு வெளியே நிற்பவனுக்கு அந்தச் சொல் உரியதன்று. வாய் தவறிச் சொல்லிவிட்டால், வழிப்போக்கன் ஆனாலும் வேலை ஏவுபவன் ஆனாலும், அக்கணமே வந்து தோள் கொடுத்தாக வேண்டும். மலையில் இதை மீறியவர் இல்லை, உம்மைத் தவிர. தோளில் பிறந்த இந்தச் சொல்லை ஏட்டுக்குத் தூக்கிப்போன கெட்டிக்காரர்கள், பாரத்தை வழியிலேயே இறக்கிவிட்டு வெறும் கூட்டை மட்டும் கொண்டுபோனார்கள். அந்தக் கூட்டைத்தான் உம் புலவர் அணிகலன் என்று ஏழைகளின் கழுத்தில் மாட்டுகிறார். நிலமகள் பொறுக்கிறாளாம்! அவள் அடியில் கிடந்து பொறுக்கிறாள், வேளே. மேலே உட்கார்ந்துகொண்டு பிறரைப் பொறுக்கச் சொல்லவில்லை.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்ட பொழுதே செங்கான் சிறைநீங்கித் தன் வீடு சேர்க. அவன் தோளில் கீறல் ஒன்று விழுந்திருந்தாலும் அதற்கு உம் தோள் பதில் சொல்லும். கால் முறிந்தவனுக்கு உம் அரண்மனை மருத்துவரே கட்டுப்போடுக. நீர் உம் காலால் நடந்து சரிவுக்கு வருக. பல்லக்கில் வரலாகாது, பல்லக்கும் பிறர் தோளே.

மழை இறங்கிவிட்டதால் சுமைதாங்கிக் கற்கள் மண்ணில் சாயத் தொடங்கின. கல் உருண்டால் கீழே குடிசைகள். எனவே ஆட்கள் மறுபடியும் தண்டை ஏற்றிக்கொண்டு, அடுத்த சுமைதாங்கி நோக்கி நகர்கிறார்கள். செங்கானின் இடத்தில், நாச்சாள் சொல் கேட்டு மலையேறி வந்த அமைச்சர் நிற்கிறார். முன்முனை இன்னும் ஒழிந்தே கிடக்கிறது.

இவ்வோலை அவர் சொல்லச் சொல்ல, உடன் நடந்து எழுதப்பட்டது. முத்திரை மோதிரத்தை அவர் விரலிலிருந்து கழற்றி இட்டவன் எழுத்தன் நக்கன். அமைச்சரின் கைகள் தண்டில் இருக்கின்றன. முத்திரை இடும்வரை நிற்பதற்காக அவர் ஆட்களைப் பார்த்து ‘பொறு’ என்றார். நின்றார்கள்.

விரைந்து வருக. கல் கனக்கிறது.