உன் பெயரில் ஓடிய ஒரு வேலை

அடப் பாவி மச்சான், என் ஞானவேலு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. உன்மேல் கோபமாக இருக்கிறேன். செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்று சிதம்பரத்தில் என் வீட்டுக்காரியிலிருந்து கடலூரில் நம் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வரைக்கும் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கென்ன, அவர்களையா நீ ஆறு வருஷம் ஏமாற்றினாய்?

முதலில் வீட்டுச் செய்தி சொல்லிவிடுகிறேன். சுமதி இப்போது இரண்டு வேளையாவது சாப்பிடுகிறாள். யாழினி கணக்கில் முதல் மார்க் வாங்கிவிட்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பேப்பரைப் பையிலேயே வைத்திருந்தாள். சின்னவன் உன் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுவரில் முட்டிக்கொண்டு திரிகிறான். புதுச்சத்திரம் தாண்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ வண்டியை ஓரம் கட்டிய இடம் வரும்போது, பஸ்ஸில் நான் இன்னும் அந்த இடத்தைப் பார்க்காமல் எதிர்ப்பக்க ஜன்னலைத்தான் பார்க்கிறேன்.

இனி நம் கதை. ஒரே வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தோம், என் தங்கை சுமதியை நீ கட்டிக்கொண்டாய், ஒரே ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்தோம். இதில் எனக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு ரகசியம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்த அறையின் சுவரில் உன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, நினைவிருக்கிறதா? ‘தானாக ஓடும் எந்த வேலையும் சொந்தப் பெயரில் ஓடக் கூடாது.’ இன்ன மணிக்கு இதைச் செய் என்று சர்வரிடம் சொல்லி வைக்கிற வேலைகளைப் பற்றிய சட்டம் அது. ஒருவர் தன் அக்கவுண்டில் அப்படி ஒன்றைப் போட்டு வைத்துவிட்டு வேலையை விட்டுப் போனால், அக்கவுண்டை நீக்கும்போது அதுவும் சத்தமில்லாமல் போய்விடும். அதனால் எல்லாம் பொது அக்கவுண்டில்தான் ஓட வேண்டும் என்றாய். இரண்டே மாதம் வேலை பார்த்த ஒரு பையன் இதை மீறினான் என்று அவனை நீ போட்ட போட்டில், அவன் மத்தியானச் சோறு சாப்பிடாமல் வீட்டுக்குப் போனான்.

உன் காரியம் முடிந்து பத்தாம் நாள், உன் அக்கவுண்டை மூடச் சொல்லி ஆபீஸிலிருந்து சீட்டு வந்தது. வேறு யாரையும் தொட விடவில்லை, நானே உட்கார்ந்தேன். உன் ஃபோல்டரையும் சேர்த்து நீக்கவா என்று சர்வர் கேட்டது, ஆமாம் என்றேன். உன் பெயரில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்க ஒரே ஒரு வரி அடித்தால் போதும். அடிக்கவில்லை. சட்டம் எழுதியவன் வீட்டிலேயே போய்ச் சோதனை போடுவார்களா?

மூன்றாவது வாரம் தேவனாம்பட்டினத்து அஞ்சலையக்காவை மூச்சுத் திணறலோடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு வருகிறவர். மெஷின் ஒன்று பழுது என்று அவருடைய வியாழக்கிழமை முறையைப் புதன்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை, வழக்கம்போல வியாழக்கிழமை வந்து நின்றார். “நேத்தே ஒங்க முறை போயிடுச்சி. மெசேஜ் வந்திருக்கும், நீங்கதான் பாத்திருக்க மாட்டீங்க” என்று நர்ஸ் திட்டி, சனிக்கிழமை வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை வரை அவர் உடம்பு தாங்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்து மூன்று நாள் ஐசியுவில் கிடந்தார்.

மெசேஜ் அனுப்புகிற புரோகிராம் யாருடையது? என்னுடையது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது. அதற்காக எனக்கு மேடையில் சால்வை போட்டார்கள், நீதான் முதலில் கை தட்டினாய்.

தைரியமாகத்தான் போய்ப் பார்த்தேன். அஞ்சலையக்காவுக்கு மெசேஜ் போகவே இல்லை. அவரும், அதே தெருவில் இருக்கும் ஏகாம்பரம் என்கிற பெரியவரும் தெருமுனைப் பெட்டிக்கடையின் போன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஏகாம்பரத்துக்கு எப்போதும் புதன்கிழமை முறை. ஒரே நாளில் ஒரே நம்பர் இரண்டு தடவை வந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு, என் புரோகிராம் ஒரு மெசேஜோடு நிறுத்திவிடும். ஒரு போனை நாலு வீடு நம்பியிருக்கும் என்பது, இதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை பார். அப்படிப் பொது நம்பர் கொடுத்தவர்கள் நம் பட்டியலில் இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

அப்படியானால் ஆறு வருஷமாக அவர்களெல்லாம் எப்படிச் சரியாக வந்தார்கள்? அந்தக் கேள்வியோடுதான் பழைய பேக்கப்பைத் திறந்தேன். உன் பெயரில், உன் ஒருவன் பெயரில், ஒரு வேலை இருந்தது. தினமும் மாலை நாலு மணிக்கு என் புரோகிராம் ஓடி முடிந்ததும், நாலேகாலுக்கு உன்னுடையது எழுந்து, நான் விட்டேனோ இல்லையோ, பொது நம்பர் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடி, பெயர் சொல்லி மெசேஜ் அனுப்பியிருக்கிறது. அதன் தலையில் ஒரு குறிப்பு: ‘சேகர்கிட்ட சொல்லணும். நேரம் பாத்து.’

ஆறு வருஷத்தில் ஒரு நேரம் கிடைக்கவில்லையா உனக்கு? தினமும் எதிரும் புதிருமாகத்தானே டீ குடித்தோம்? கிள்ளையில் மீன் வாங்கலாமா, முதுநகரில் வாங்கலாமா என்பதற்கெல்லாம் என்னோடு மல்லுக்கு நின்றவன் நீ. பொது அக்கவுண்டின் பட்டியலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் பார்ப்பேன் என்று தெரிந்து, என் கண்ணில் படக் கூடாது என்றே உன் பெயரில் வைத்திருக்கிறாய். உன் சட்டத்தை நீயே மீறியது என்னிடமிருந்து மறைப்பதற்கு. நான் சால்வையை மடித்து பீரோவில் வைத்தேன், நீ பின்னாலேயே வந்து நான் சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது மச்சான்.

நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். சுமதியிடம் கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும்ணா” என்றாள்.

“இன்னாது?”

“அவுரு அப்பவே சொன்னாரு. நான்தான் ஒங்கிட்ட சொல்ல வேணாம்னேன். ஒனக்குக் கோவம் ஜாஸ்தி. அதுக்கு முன்னாடி மீட்டிங்ல வேற ஒரு தப்ப சொன்னாருன்னு ஆறு மாசம் எங்க வாசப்படி மிதிக்கல நீ. யாழினிக்குக் காது குத்துனப்ப எங்க இருந்த? எம்புள்ள யாரு மடியில ஒக்காந்துச்சி?”

பெரியப்பா மகன் மடியில் உட்கார்த்திக் காது குத்தினீர்கள். தாய்மாமன் நான் உயிரோடு, அடுத்த ஊரில், டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோர் முன்னாலும் நீ “இதுல ஒரு தப்பு இருக்கு சேகர்” என்றாய், அவ்வளவுதான் நீ செய்த குற்றம்.

ஆக, நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். இது தெரிந்ததும் கோபம் போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. இன்னும் வலிக்கிறது. அன்றைக்கு ஆறு மாதம் பேசாமல் இருந்தேன், ஏழாவது மாதம் வந்தேனா இல்லையா? இந்தத் தடவையும் வந்திருப்பேன். அந்த நம்பிக்கைகூட உனக்கு என்மேல் இல்லையே. உன் அக்கவுண்டை நீக்கியது என் கை. ஒரு பொம்பளை மூச்சுக்குத் தவித்தது அதனால்தான். நீ சொல்லியிருந்தால் அது நடந்திருக்குமா?

மறுநாள் காலை தேவனாம்பட்டினம் போனேன். பெட்டிக்கடைக்காரர் கலியமூர்த்தி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “அந்த ஆஸ்பத்திரித் தம்பி இன்னா சார் ஆனாரு? மெசேஜே காணோம். ஊர மாத்திகினு போயிட்டாரா?” போனை நீட்டினார். என்னுடைய மெசேஜ்கள் ‘அன்புடையீர், தங்களது முறை நாளை காலை 6 மணி’ என்று இருந்தன. உன்னுடையது: ‘அஞ்சலையக்கா, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க. மருந்துச் சீட்டு மறக்காதீங்க.’ யாரோ ஒருவர் தினமும் உட்கார்ந்து கைப்பட அனுப்புகிறார் என்றே அவர் நம்பியிருக்கிறார். அந்தக் கடை வாசலில் நின்று மேலே மேலே தள்ளிப் படித்துக்கொண்டே இருந்தேன். ஊரில் எல்லோரிடமும் பேச உனக்கு வாய் இருந்தது.

அஞ்சலையக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “தப்பு ஒங்க மேல இல்லக்கா, என் மேல. ஒங்களுக்கு மெசேஜே வரல” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. “நர்சம்மா திட்னாங்க, எம்மவனும் திட்னான். நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்னு நெனச்சிகினு கெடந்தேன்” என்றார். பிறகு, “எப்பவும் போடுவாரே, அந்தத் தம்பி வரலியா?”

“அவன் செத்துட்டான்க்கா. என் மச்சான்தான்.”

வாயில் புடவையை வைத்துக்கொண்டார். அதை எடுத்துவிட்டுக் கேட்டார்: “அப்ப இனிமே எங்களுக்கு யாருப்பா சொல்லுவா?”

“நான் சொல்றேன்க்கா.” வேறு என்ன சொல்ல முடியும்?

திங்கட்கிழமை மீட்டிங்கில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் புரோகிராம் தப்பு, ஆறு வருஷமாகத் தப்பு, தாங்கிப் பிடித்தவன் ஞானவேல், பார்க்காமல் நீக்கியவன் நான் என்று. லேப்பிலிருந்து ஒரு பெண், “இதே மாதிரி இன்னும் எத்தன தப்பு இருக்குதோ” என்றாள், என் காதில் விழும்படியாகத்தான். காது சூடானது. கதவைப் பார்த்தேன். ஆனால் உட்கார்ந்திருந்தேன், தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

உன் தாளுக்குக் கீழே நான் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். யாருடைய அக்கவுண்டாக இருந்தாலும் உடனே நீக்காதே, முதலில் பூட்டு. அவர் பெயரில் என்னென்ன ஓடுகிறது என்று வரி வரியாகப் படி. தேவையானதைப் பொதுவுக்கு மாற்றி, அதற்கு இனி யார் பொறுப்பு என்று எழுது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் நீக்கு. எவ்வளவு நெருங்கிய ஆளாக இருந்தாலும் படி என்று கடைசியில் சேர்த்தேன்.

என் புரோகிராமைத் திருத்திவிட்டேன். எல்லோருக்கும் இப்போது உன் வாசகத்திலேயே மெசேஜ் போகிறது. ‘சேகர்கிட்ட சொல்லணும்’ என்ற உன் குறிப்பை மட்டும் அழிக்காமல் அதன் தலையில் வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ‘சொல்லியாச்சு’ என்று அடித்துவிட்டு, நீதான் சொல்லவில்லையே என்று அழித்துவிட்டேன்.

வருஷம் திரும்பியதும் சின்னவனுக்குக் காது குத்தலாம் என்று சுமதியிடம் கேட்டேன். “நீ வருவியா?” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். அன்றைக்கு மணையில் நான் உட்கார்ந்த பிறகு ஊரே கூடி என் தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். நான் எழுந்து போக மாட்டேன். மடியில் உன் பிள்ளை இருப்பான்.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
தனசேகர்