மவுத் ஆர்கன் துப்பாக்கியும் ஒதிலும்

மார்ச் 6, 2011, ஞாயிறு

மழை. சந்தைக்குக் கிளம்பும்போது என் மனைவி ஒதில் கோட்டை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டாள். சரிசெய்யப் போனால் கையைத் தட்டிவிட்டாள். ஊரே குடைக்குள் இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆற்றங்கரையில் தூசேன் பழைய சாமான் கடைக்காரனிடம் வம்பு வளர்த்துக்கொண்டிருந்தான். துப்பாக்கி சேர்க்கிறவர்களில் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நண்பன். மற்றவர்கள் செத்துப்போனார்கள், அல்லது நான் சண்டை போட்டுவிட்டேன். என்னைப் பார்த்ததும், "ஏன்டா செர்வே, அந்த ஜெர்மன்காரன் உன்னைக் கூப்பிட்டானா? உன் மவுத் ஆர்கன் துப்பாக்கிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையறான்டா" என்றான்.

கூப்பிட்டார். வாக்ஸ்முட் பல வருஷமாகக் கேட்கிறார், நானும் முடியாது என்றே சொல்லி வந்தேன். இந்தத் தடவை, வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒதிலைப் பகலில் தனியாக விடக்கூடாது என்கிறார் டாக்டர். மகள் கிஸ்லேன் அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடச் சொல்கிறாள். மவுத் ஆர்கனை விற்றால் இரண்டு மூன்று வருஷத்துக்குப் பகலில் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவாள். ஒதில் தன் படுக்கையில் தூங்குவாள், தன் ஜன்னல் பக்கம் உட்காருவாள். அதற்குப் பிறகு? அப்போது நானே இருப்பேனோ என்னவோ.

மார்ச் 9

சூப்பில் காப்பித்தூளைப் போட்டிருந்தாள். குடித்துத் தொலைத்தேன்.

மார்ச் 15, செவ்வாய்

துப்பாக்கி அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தேன். விற்க முடிவு செய்தபின் பார்க்கக் கூடாது. மனசு கேட்கவில்லை.

லியேஜ் நகரத்துக்கு மேலே இருக்கும் மேட்டுத் தெருக்களில் முப்பது வருஷம் தபால் போட்டவன் நான். அங்கே எந்த வீட்டைத் தட்டினாலும் தாத்தாவோ அத்தையோ யாராவது துப்பாக்கிக்கு அரம் போட்டவர்கள், குழல் துளைத்தவர்கள். பெரிய பட்டறைக்காரர்கள் வேலையை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்த காலம் அது. மிச்சம் மீதியெல்லாம் பரணில் கிடந்தன. கைத்தடிக்குள் ஒரு துப்பாக்கி. சிறைக் காவலன் பூட்டைத் திறந்தபடியே சுடுவதற்கு ஒரு சாவித் துப்பாக்கி. பேனாக்கத்தியில் ஒன்று. சைக்கிளில் போகிறவர்கள் துரத்தும் நாயைப் பயமுறுத்த ஒரு குட்டி ரிவால்வர். அந்த நாய்த் துப்பாக்கியின் அருமை தபால்காரனுக்குத்தான் தெரியும்.

மவுத் ஆர்கனை ஒரு விதவை கொடுத்தாள், பழைய உள்பாவாடையில் சுற்றி. "எடுத்துட்டுப் போப்பா, சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு கிடக்கு" என்றாள். 1860களில் செய்தது. குழலுக்குப் பின்னால் குறுக்கே ஒரு இரும்புக் கட்டை, அதில் வரிசையாகப் பத்துத் துளைகள். ஒவ்வொரு முறை சுடும்போதும் கட்டை ஒரு துளை நகரும். வாயில் வைத்து ஊதலாம் போலிருக்கும். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பதால் எந்தப் பையிலும் அடங்காது. அதனால் அன்றைக்கு யாரும் வாங்கவில்லை, செய்ததே கொஞ்சம்தான். அதனால் இன்றைக்கு எல்லோருக்கும் வேண்டும்.

என்னுடையதில் ஒரு பூவேலை கிடையாது. வெறும் வழவழப்பு. அந்தக் காலத்தில் இரும்புக்கு ஏற்றிய கருநீலம் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருக்கிறது. வாக்ஸ்முட் அலைவது அந்தக் கருநீலத்துக்காகத்தான். தொடாதே, தேய்க்காதே, திருத்தாதே. எங்கள் கூட்டத்துக்கு வேதம் இவ்வளவுதான். தேய்த்துப் பளபளப்பாக்கியவனோடு எங்களில் யாரும் பேசமாட்டார்கள்.

நான் கையுறை மாட்டி அதைத் தூக்குவதைப் பார்த்து ஒதில் ஒருநாள் சொன்னாள்: "என் கையை ஒரு நாளாவது இப்படிப் பிடிச்சிருக்கியா நீ?" அப்போது சிரித்தேன்.

மார்ச் 20, ஞாயிறு

கிஸ்லேன் வந்தாள். ஒதில் அவளை அடையாளம் கண்டுகொண்டாள், பெயர்தான் வரவில்லை. கிஸ்லேன் சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

"அப்பா, நர்ஸ் வந்தா நான் வாயைத் திறக்கமாட்டேன். நர்ஸ் இல்லேன்னா அம்மா இல்லத்துக்குத்தான். உங்களால குளிப்பாட்ட முடியுதா? போன வாரம் ரெண்டு பேருமா சேர்ந்து வழுக்கி விழுந்தீங்களே!"

"விக்கிறேன்னு சொல்லிட்டேன்ல."

"நிஜமா? அந்த இரும்பையா? கடவுளே, அம்மா, கேட்டியா? அப்பா உனக்காகத் துப்பாக்கியை விக்கிறார்!"

"பாவம், எந்த மடையன் வாங்குறான்?" என்றாள் ஒதில். மூன்று பேரும் சிரித்தோம். எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 2, சனி

எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

நாளைக்கு வாக்ஸ்முட் வருகிறார். ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுக்கலாமென்று மவுத் ஆர்கனைச் சமையல் மேசைமேல் துணி விரித்து வைத்தேன். கட்டையைத் தனியாகக் கழற்றி வைத்தேன். வருகிறவருக்கு அரிசி டார்ட் வாங்கத் தெருமுனை பேக்கரி வரை போனேன். அங்கே கூட்டம். பேக்கரிக்காரி வேறு பேச்சை வளர்த்தாள். நான் நின்று பதில் சொன்னேன். ஏன்டா நின்னே? ஏன்டா அதை அலமாரியில வச்சுப் பூட்டாம போனே?

திரும்பி வந்தால் ஒதில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். முதுகு நேராக, மடியில் தோல் துணி. தையல் பெட்டிக்கு அடியில் அவளுடைய பழைய உளிகள் இருந்ததே எனக்கு மறந்துவிட்டது. பதினாறு வயதில் பட்டறையில் சேர்ந்து, கிஸ்லேன் பிறக்கும்வரை துப்பாக்கிகளில் இலையும் பறவையும் செதுக்கியவள். வெறும் இரும்புக் கட்டை, வழவழவென்று, வெளிச்சத்தில். அவள் கண்ணுக்கு அது வேறென்னவாகத் தெரிந்திருக்கும்?

ஓக் இலைகள். கட்டையின் ஒரு பக்கம் பாதிக்கு மேல். கருநீலம் சுருள் சுருளாக அவள் மடியில் கிடந்தது.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். கட்டையைப் பிடுங்கினேன். உளி வழுக்கி அவள் இடது கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. ரத்தம். அவள் அழவில்லை. எழுந்து நின்றாள், சின்னப் பெண் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க மேஸ்திரி. இனிமே கவனமா செய்றேன். கூலியில பிடிச்சுக்கங்க."

நாற்பத்தாறு வருஷம் என்னை நீ என்று கூப்பிட்டவள்.

ஏப்ரல் 3, ஞாயிறு

வாக்ஸ்முட் வந்தார். கோட்டைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். ஆனாலும் பார்க்கிறேன் என்றார். கையுறை மாட்டி, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். டார்ட் அப்படியே இருந்தது.

"இத யார் செஞ்சது?"

"என் மனைவி. நேத்து."

அவர் ஒதிலைப் பார்த்தார். அவள் விரலில் கட்டோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல கை, ஐயா. ரொம்ப நல்ல கை. ஆனா என்னால வாங்க முடியாது" என்றார். போகும்போது அவளுக்குத் தலை வணங்கினார். அதுதான் என்னைக் கொன்றது.

ஏப்ரல் 5, செவ்வாய்

தூசேன் வந்தான். கதவைச் சாத்திவிட்டுப் பேசினான்.

"இங்க பாருடா. பள்ளத்தாக்குல எனக்கு ஒருத்தனைத் தெரியும். ஒரு மயிரிழை இழைச்சு எடுத்துட்டு, திரும்பக் கருநீலம் ஏத்தி, கொஞ்சம் பழசாக்கிக் கொடுத்துருவான். ஜெர்மன்காரனுக்குத் தெரியும், சரி. அமெரிக்காக்காரனுக்குத் தெரியுமா?"

"நீயாடா இதைப் பேசுறே? தேய்ச்சவன் வீட்டுப் பச்சைத் தண்ணியைக் கூடக் குடிக்காதவன் நீ."

"என் பொண்டாட்டிக்கு இப்படி ஆகலையே. ஆகியிருந்தா நானும் செய்வேன்டா. வெக்கம் கெட்டுப் போய்ச் செய்வேன்."

கோபம் வரவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 8, வெள்ளி

கட்டையைப் பையில் போட்டுக்கொண்டேன். தூசேன் ஒதிலைப் பார்த்துக்கொள்ள வந்து உட்கார்ந்தான். பஸ் பிடித்துப் பள்ளத்தாக்குக்குப் போனேன். அந்த ஆள் நல்லவனாகத்தான் இருந்தான். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம். சுத்தமா எடுத்துரலாம்" என்றான். எதை எடுத்துவிடலாம் என்கிறான் என்று ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு காலையும் அவள் என்னைக் கேட்கிறாள்: "மேஸ்திரி, நான் செஞ்சுக்கிட்டிருந்த உருப்படி எங்க?" இரும்புக் கடையில் வெறும் தகடு வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தேன். விரலால் தடவிவிட்டுத் தள்ளிவிட்டாள். "இது கத்துக்குற புள்ளைங்களுக்கு. என்னோட வேலை பாதியில நிக்குது."

மருந்துச் சீட்டைப் படிக்கவே மறந்தவள். மகள் பெயரை மறந்தவள். அவளிடம் மிச்சமிருப்பது அந்த இலைகள் மட்டும்தான். அதை இழைத்து எடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் நர்ஸ் வைத்து, நான் யாரை வீட்டில் வைத்துக்கொள்வேன்?

ஆனால் இழைக்காவிட்டால் அவள் இல்லத்துக்குப் போய்விடுவாள். இரண்டும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 9

கட்டையையும் உளிகளையும் நானே அவள் முன் வைத்தேன்.

மே 19, வியாழன்

காலை முழுக்க வேலை செய்கிறாள். கை நடுங்குவதில்லை. கரண்டி பிடித்தால் நடுங்கும் அதே கை! நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். காப்பி கொண்டுவந்து கொடுத்தால், "ஐயோ நீங்க எதுக்கு மேஸ்திரி" என்று கூச்சப்படுகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. கேட்டதும் இல்லை. வீடு முழுக்க இரும்பைச் சேர்த்து வைத்துவிட்டு, இரும்பு தெரிந்தவளைச் சமையலறையில் விட்டிருக்கிறேன். என்ன மனுஷன் நான்.

இன்றைக்கு இலைகளுக்கு நடுவே ஒரு காட்டுக்கோழி வந்திருக்கிறது. கண் இன்னும் வைக்கவில்லை.

ஜூன் 27

உளியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். "இது எதுக்கு?" என்று கேட்டாள். காட்டுக்கோழியைக் காட்டினேன். "நல்லாருக்கே. யார் செஞ்சது?"

ஜூலை 14, வியாழன்

விடியற்காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்தில் இல்லை. கதவு திறந்து கிடந்தது. பாலத்துக்கு நடுவே, ராத்திரி உடுப்போடு, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தாள். பட்டறைக்கு நேரமாகிவிட்டதாம். லாரிக்காரன் ஒருவன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி அவளைப் பிடித்து வைத்திருந்தான்.

கிஸ்லேனிடம் நானே சொன்னேன். மறைக்கவில்லை. இழைக்கிறவனிடம் போய்த் திரும்பி வந்ததையும் சொன்னேன்.

"அம்மாவை வீட்டுல வச்சுக்க ஒரு வழி இருந்துச்சு. நீங்க இரும்பைக் காப்பாத்துனீங்க."

"இரும்பை இல்லம்மா."

"வேற எதை?"

அவள் சொல்வதுதான் சரியோ? தெரியல. தெரியலயே.

செப்டம்பர் 5, திங்கள்

இல்லத்தில் விட்டுவிட்டு வந்தோம். அவள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். நான்தான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 6

இரண்டு தட்டு வைத்தேன்.

அக்டோபர் 9, ஞாயிறு

கைத்தடி, சாவி, பேனாக்கத்தி, நாய்த் துப்பாக்கி எல்லாம் போய்விட்டன. இல்லத்துக்கு மாதா மாதம் கட்ட வேண்டுமே. தூசேன் ஒவ்வொன்றுக்கும் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்தான், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி விசாரித்து. தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மவுத் ஆர்கனைக் கையில் எடுத்தான், கையுறை இல்லாமல், இலைகளை விரலால் தடவினான். "இதை எவனும் வாங்கமாட்டான்டா" என்றான். வெறும் அலமாரியில் அது மட்டும் இருக்கிறது.

இல்லத்தில் கூர்மையான எதையும் விடமாட்டார்கள். அவள் கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன.

நவம்பர் 13, ஞாயிறு

மதியம் போனேன். நல்ல குளிர், ஆனால் வெயில் இருந்தது. ஒதில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மேஸ்திரி, இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பட்டுமா? அவர் கேட் கிட்ட வந்து நிப்பாரு."

"யாரு?"

"கட்டிக்கப் போறவர்." வெட்கப்பட்டாள். எழுபது வயதில், கன்னம் சிவக்க. "தபால்காரர்."

அப்படித்தான் நின்றேன், ஒரு காலத்தில். பட்டறை வாசலில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தினமும்.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "எப்படிப்பட்ட ஆளும்மா அவர்?"

கொஞ்சம் யோசித்தாள். "பேச்சு கம்மி. பழைய சாமான் எதையாவது பொறுக்கிட்டு வருவாரு, கிறுக்கு. ஆனா கத்தமாட்டாரு மேஸ்திரி. என்னைப் பார்த்து ஒரு நாளும் கத்தினதில்ல."

அவள் விரலில் அந்தத் தழும்பு இருக்கிறது. கோட்டை மாட்டிவிட்டேன், சரியாகத் திருப்பி. நர்ஸிடம் சொல்லிவிட்டு அவளைத் தோட்டத்துக் கேட் வரை கூட்டிப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் ஆக்கமாட்டாரே."

"வந்துருவாரும்மா."

"நீங்க உள்ள போங்க மேஸ்திரி, குளிருது. எனக்காக எதுக்கு நிக்கிறீங்க?"

"பரவாயில்ல. அவர் வர்ற வரைக்கும் நானும் நிக்கிறேன்" என்றேன்.

வெளிச்சம் போகும்வரை இருவரும் நின்றோம்.