வெளியே போவது

மார்ச் 4, செவ்வாய்

பேத்தி பிறந்து ஒன்பதாம் நாள். மகள் இன்றும் அரை ரொட்டியோடு எழுந்துவிட்டாள். "பசிக்கலப்பா." பால் கொடுக்கிறவளுக்குப் பசிக்காமல் இருக்குமா? இவள் அம்மா இருந்திருந்தால் ஒரே அதட்டலில் விஷயம் வந்திருக்கும். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். "தண்ணி வேணுமா?" என்றுதான் வந்தது.

மார்ச் 5, புதன்

ஒட்டுக்கேட்கவில்லை. குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். (சரி, மடிப்பதை நிறுத்தினேன்.) மாப்பிள்ளையோடு போனில் பேசினாள். அவர் கப்பலில் இருக்கிறார், கரையேற இன்னும் மூன்று வாரம். "வெளிய போகவே பயமா இருக்குங்க. நாலு நாளாச்சு. நினைச்சாலே வேர்க்குது" என்று அழுதாள்.

பிரசவத்துக்குப் பின் சிலருக்கு இப்படி வரும் என்று படித்திருக்கிறேன். வாசல் தாண்டப் பயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் சரியாக நாலு நாள்தான் ஆகிறது. எல்லாம் பொருந்துகிறது.

மார்ச் 6, வியாழன்

நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வரைபடம் வரைந்தவன். பேச்சு வராது, கோடு வரும். தெருவைத் தப்படியால் அளந்து வரைந்தேன். முதல் நாள், வாசற்கதவு. இரண்டாம் நாள், மின்கம்பம், 46 தப்படி. மூன்றாம் நாள், மருந்துக்கடை பெஞ்சு, 130. நிழல் விழும் பக்கத்தைப் பென்சிலால் தீட்டினேன். தொந்தரவென்று நினைப்பாளோ? இரண்டு முறை கிழிக்கப் போனேன்.

மார்ச் 7, வெள்ளி

எழுதக் கை கூசுகிறது.

காலையில் படத்தை அவள் முன் விரித்தேன். "வெளிய போறதப் பத்திம்மா. பயப்படாத. நான் கூடவே வரேன். முதல்ல கொஞ்சமாப் போனாப் போதும்."

"நீங்க எங்கப்பா கூட வரீங்க?"

"வெளியதான். நடுவுல உட்கார இடமும் குறிச்சிருக்கேன்."

படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயோ அப்பா, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது!" அந்தச் சிரிப்பே அழுகையானது. "நான் சொன்னது இந்த வெளிய இல்லப்பா. அந்த… வெளிய."

காது வரை சுட்டது. படிச்ச முட்டாள்டா நீ. ஆறு நாளாக அவளுக்கு மலம் கழியவில்லை. முக்கினால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம். வந்ததையும் அடக்கியிருக்கிறாள். சாப்பிட்டால்தானே வரும் என்று சாப்பாட்டையும் குறைத்திருக்கிறாள். "உங்ககிட்ட எப்படிப்பா சொல்றது?" உண்மைதான், எப்படிச் சொல்வாள்? 'சளி' என்பதையே நான் தணிந்த குரலில் சொல்கிற ஆள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "என்ன பிரச்சினை சார்?" என்றார்கள். "வெளியே…" என்று தொடங்கி நிறுத்தினேன். இன்னொரு குழப்பம் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, "என் மகளுக்கு ஆறு நாளா மலச்சிக்கல்!" என்றேன். எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மார்ச் 8, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, ஊரைக் கூட்டும் குரல். உள்ளே மகளைப் பரிசோதித்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்: "தையல் நல்லா ஆறிட்டு வருதும்மா. இதுக்கெல்லாம் பிரியாது. நீ அடக்க அடக்க உள்ள இறுகும், இறுக இறுக வலிக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் கொஞ்சம் இறுக்கும்தான். அதுக்காக நீயா நிறுத்திடாத."

டாக்டர் எழுதிக் கொடுத்தனுப்பிய இளக்கும் மருந்து. நிறையத் தண்ணீர், பழம். உட்காரும்போது காலடியில் முக்காலி வைத்து முன்னால் சாய வேண்டும், முக்கக் கூடாது. நான் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டேன்.

"தாத்தா, நல்லா எழுதுங்க. ஆனா கதவுக்கிட்ட நின்னு போச்சா, போச்சான்னு மட்டும் கேட்காதீங்க. வர்றதும் திரும்பிப் போயிடும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பழைய பலகையில் ஒரு சாண் உயரத்துக்குச் செய்து முடித்தேன். முக்காலி என்றார், எனக்கு நாலு கால் இருந்தால்தான் தைரியம்.

கேட்கவில்லை. கேட்கவே இல்லை.

மார்ச் 10, திங்கள்

காலை பத்து ஐந்துக்கு உள்ளே போனாள். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டின் மறுகோடிக்குப் போனேன். ரேடியோவை உரக்க வைத்தேன். ஏதோ விவசாயச் செய்தி. ஒரு சொல்லும் ஏறவில்லை. தையல், தையல் என்றே மனசு அடித்துக்கொண்டது.

பத்து நாற்பது. கதவு திறந்தது. முகமெல்லாம் வேர்வை. நான் உரத்தின் விலையைக் கவனிக்கிற மாதிரி நின்றேன்.

"அப்பா," என்றாள். "மதியம் என்ன சாப்பாடு?"

மார்ச் 12, புதன்

மூன்று ரொட்டி. நான் எண்ணவில்லை, தட்டு தெரிந்தது.

மார்ச் 19, புதன்

வீட்டில் ஒரே கழிப்பறை. காலையில் மகள் செய்தித்தாளோடு உள்ளே போய் இருபது நிமிடம். ஏதோ பாட்டு முணுமுணுப்பு. நான் கூடத்தில் மேலும் கீழுமாக நடந்தேன்.

"அப்பா, உங்களுக்கு அவசரமா?"

"இல்லம்மா, நிதானமா வா" என்றேன்.

அவசரம்தான்.